அந்நியர் கடிதங்களை அச்சகத்தின் சர்வர் ஏன் சுமந்தது?

வணக்கம். இன்று ஒரே ஒரு வரியைக் காட்டப் போகிறேன். திரையில் பெரிதாக்கியிருக்கிறேன், பாருங்கள். மின்னஞ்சல் சர்வரின் பதிவுக் கோப்பில் இருக்கும் வரி இது. ‘கிளையண்ட்’ என்ற சொல்லுக்குப் பிறகு 172.17.0.1 என்று ஒரு முகவரி இருக்கிறது. இரண்டு இரவுகள் என்னைத் தூங்கவிடாத கோளாறுக்கான விடை அந்த எண்ணில்தான் இருந்தது.

நான் பராமரிக்கும் சர்வர்களில் ஒன்று ஒரு சிறிய அச்சகத்துடையது. அங்கே கணக்கு பார்க்கும் அக்கா காலையிலேயே அழைத்தார். “தம்பி, நான் அனுப்புகிற விலைப்பட்டியல் எல்லாம் திரும்பி வருகிறது” என்றார். உள்ளே நுழைந்து, அனுப்பக் காத்திருக்கும் கடிதங்களின் வரிசையைக் காட்டும் ‘மெயில்க்யூ’ கட்டளையைக் கொடுத்தேன். பத்துக் கடிதம்கூடத் தேங்காத வரிசையில் பதினாறாயிரத்துக்கும் மேல் நின்றன. மேலிருந்து பார்த்துக்கொண்டே போனேன். அனுப்புநரும் அந்நியர், பெறுநரும் அந்நியர்.

இந்த நேரத்தில் வரிசையை மொத்தமாக அழிக்கக் கை பரபரக்கும். தயவுசெய்து அழிக்காதீர்கள். அந்தக் குப்பைக்குள்தான் அக்காவின் விலைப்பட்டியலும் கிடக்கிறது, தடயமும் கிடக்கிறது. முதலில், சர்வர்கள் ஒன்றுக்கொன்று அஞ்சல் அனுப்பும் வாசலான 25ஆம் போர்ட்டை, வெளியே போகும் பக்கம் மட்டும் ஃபயர்வாலில் அடைத்தேன். சர்வர் டாக்கருக்குள், அதாவது நிரல்களைக் ‘கன்டெய்னர்’ என்ற தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் மென்பொருளுக்குள், ஓடுகிறது என்றால் இந்த விதியை ‘டாக்கர்-யூசர்’ சங்கிலியில் எழுத வேண்டும். வழக்கமான ‘அவுட்புட்’ சங்கிலியில் எழுதினால் கன்டெய்னரின் போக்குவரத்து அந்தப் பக்கமே வராது. பிறகு ‘போஸ்ட்சூப்பர்’ கட்டளையால் வரிசையில் இருந்த எல்லாவற்றையும் அப்படியே நிறுத்தி வைத்தேன்.

அடுத்ததாக, ஒரே ஒரு குப்பைக் கடிதத்தின் வரிசை எண்ணை எடுத்துக்கொண்டு அது எந்த வாசல் வழியாக உள்ளே வந்தது என்று தேடுங்கள். யாருடைய கடவுச்சொல்லாவது திருடு போயிருந்தால், இங்கே ஓடும் மின்னஞ்சல் மென்பொருளான போஸ்ட்ஃபிக்ஸ் அதே வரியில் ‘சாஸ்ல் யூசர்நேம்’ என்று அந்தப் பயனரின் பெயரை எழுதியிருக்கும். இணையதளப் படிவத்தின் வழியாக அதே கணினிக்குள்ளிருந்து புகுந்திருந்தால் ‘பிக்கப்’ என்ற சொல்லும் ஒரு பயனர் எண்ணும் இருக்கும். டெபியன் கணினியில் வலைச் சர்வரின் எண் 33. எனக்குக் கிடைத்த வரியில் இவை எதுவுமே இல்லை. வெறும் 172.17.0.1. அடுத்த கடிதத்தைப் பார்த்தேன், அதே முகவரி. நூறு கடிதங்களைப் பார்த்தேன், நூற்றிலும் அதே முகவரி.

அது டாக்கரின் உள் வலையமைப்புக்கு வாசலாக நிற்கும் முகவரி. பக்கத்துக் கன்டெய்னரில் ஓடும் இணையதளம் அஞ்சல் அனுப்பட்டும் என்று, ‘மைநெட்வொர்க்ஸ்’ அமைப்பில் 172.17 என்று தொடங்கும் முகவரிகள் முழுவதையும் நானே சேர்த்திருந்தேன். அந்தப் பட்டியலில் இருப்பவர் கடவுச்சொல் இல்லாமலே யாருக்கும் அனுப்பலாம். ஆக, இணையதளத்தைத்தான் எவரோ கைப்பற்றிவிட்டார் என்று நினைத்து அந்தக் கன்டெய்னரையே நிறுத்தினேன். குப்பை உள்ளே வருவது நிற்கவில்லை!

வெளியாள் கொடுக்கும் கடிதத்தை நம் சர்வர் ஏற்கிறதா என்று, வாடகைக்கு எடுத்த வேறொரு சர்வரிலிருந்து சோதித்தேன். வீட்டு இணைப்புகளில் 25ஆம் போர்ட் அடைபட்டிருப்பது வழக்கம், அதனால்தான் வேறு சர்வர். வெளியூர் முகவரி ஒன்றைப் பெறுநராகக் கொடுத்ததும் 454 என்று மறுத்துவிட்டது. கதவு பூட்டித்தான் இருக்கிறது என்று நம்பி முதல் இரவு முழுவதும் கடவுச்சொற்களை மாற்றிக்கொண்டிருந்தேன்.

முதல் சோதனை ஐபிவி4 என்ற பழைய வகை இணைய முகவரி வழியாக நடந்தது. மறுநாள் இரவு அதே சோதனையை ஐபிவி6 என்ற புதிய வகை வழியாகச் செய்து பார்த்தேன். 250 என்று பதில் வந்தது. ஏற்றுக்கொண்டுவிட்டது. உடம்பு சிலிர்த்துவிட்டது எனக்கு.

நடந்தது இதுதான். சர்வருக்கு ஐபிவி6 முகவரி உண்டு, கன்டெய்னருக்கு ஐபிவி4 மட்டும்தான். ஐபிவி6 வழியாக ஒருவர் வந்தால் டாக்கரின் இடைத்தரகர் நிரல் அந்த இணைப்பைத் தானே வாங்கிக்கொண்டு, கன்டெய்னருக்குப் புதிதாக வேறொரு இணைப்பைத் திறக்கிறது. வந்தவரின் உண்மையான முகவரி அங்கேயே தொலைந்துபோகிறது. கன்டெய்னர் பார்ப்பது 172.17.0.1ஐ மட்டும்தான். அதாவது, உலகத்தில் யார் ஐபிவி6 வழியாக வந்தாலும் அவர் நம் வீட்டு ஆள்.

ஒருவர் கடிதத்தை இன்னொருவரின் சர்வர் சுமப்பது ஒருகாலத்தில் தப்பே இல்லை. 1982இல் ஜான் போஸ்டல் எழுதிய எஸ்எம்டிபி என்ற அஞ்சல் நெறிமுறை அப்படிச் சுமப்பதற்கு வழி செய்து கொடுத்திருந்தது. குப்பை அஞ்சல் பெருகியதால் 1998இல் வந்த, சென்ட்மெயில் என்ற அஞ்சல் சர்வர் மென்பொருளின் 8.9 பதிப்பு அந்தக் கதவை இயல்பாகவே மூடி வைத்தது. மூடியிருந்த கதவை ஒரு வரியால் நான் திறந்துவிட்டிருந்தேன்.

‘மைநெட்வொர்க்ஸ்’ அமைப்பில் கணினியின் சொந்த முகவரிகளான 127.0.0.1ஐயும் அதன் ஐபிவி6 இணையையும் மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை நீக்கினேன். இணையதளம் இனி 587ஆம் போர்ட்டில் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்துத்தான் அனுப்பும். இத்தோடு விட்டால் போதாது. வருபவர் முகவரி இன்னும் தவறாகவே தெரியும், அனுப்பும் சர்வருக்கு அந்த டொமைனின் அனுமதி உண்டா என்று பார்க்கும் எஸ்பிஎஃப் சோதனைகளும் பொய்யாகும். அதனால் டாக்கர் வலையமைப்புக்கு ஐபிவி6 கொடுத்து, இடைத்தரகர் நிரலையும் அணைத்தேன். இரண்டு வழியிலும் மீண்டும் சோதித்தேன். இரண்டிலும் 454.

அதற்குப் பிறகுதான் வரிசையைத் தொட்டேன். அச்சகத்தின் டொமைனிலிருந்து கிளம்பிய கடிதங்களை மட்டும் பிரித்தேன். பதினொன்று இருந்தன. ஒவ்வொன்றையும் ‘போஸ்ட்கேட்’ கட்டளையால் திறந்து பார்த்து உறுதிசெய்துகொண்டு மீதியை அழித்தேன். குப்பை அனுப்பும் முகவரிகளைத் தொகுக்கும் ஸ்பாம்ஹவுஸ் தடைப்பட்டியலில் நம் முகவரியும் ஏறியிருந்தது, அக்காவின் கடிதங்கள் திரும்பி வந்தது அதனால்தான். அதிலிருந்து நீக்கும்படி விண்ணப்பித்தேன். ஓட்டையை அடைக்காமல் விண்ணப்பித்தால் முகவரி மறுபடியும் பட்டியலில் ஏறிவிடும், அதனால்தான் இதைக் கடைசியாக வைத்துக்கொண்டேன். பெயர் நீங்கியதும் 25ஆம் போர்ட்டைத் திறந்து அந்தப் பதினொன்றையும் விடுவித்தேன். அக்காவின் விலைப்பட்டியல் நான்காவதாகப் போனது.