அறுபது வண்டுகளும் மடிந்தால்?

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு நச்சு எத்தனை வலிமையானது? பூச்சியியல் மாணவர்கள் இதற்கு ஒற்றை எண்ணைப் பதிலாக எதிர்பார்க்கிறார்கள். ஆனால் ஒரே இன வண்டுகளிலும் சில சிறிதளவிலேயே மடிகின்றன, சில தாக்குப்பிடிக்கின்றன. அந்தத் தாங்குதிறன் எப்படிப் பரவியிருக்கிறது என்று அளப்பதே புரோபிட் பகுப்பாய்வு.

1934-இல் இந்தப் பெயரைச் சூட்டியவர் அமெரிக்கப் பூச்சியியலாளர் செஸ்டர் பிளிஸ். பெருமந்தக் காலத்தில் அரசு வேலையை இழந்து, லண்டனில் புள்ளியியலாளர் ரொனால்டு ஃபிஷரிடம் போய்ச் சேர்ந்தவர். மறு ஆண்டு அவர் வெளியிட்ட தரவு இன்றும் பாடங்களில் உயிரோடு இருக்கிறது. 481 மாவு வண்டுகள், எட்டுக் குழுக்கள், ஐந்து மணி நேரம் கார்பன் டைசல்பைடு ஆவி. லிட்டருக்கு 49 மில்லிகிராமில் 59 வண்டுகளில் 6 இறந்தன. 61 மில்லிகிராமில் 56-இல் 28. 76.5 மில்லிகிராமில் அறுபதும் இறந்தன.

அளவின் மடக்கைக்கு எதிரே இறப்புச் சதவீதத்தைக் குறித்தால், சாய்ந்த எஸ் வடிவ வளைவு வரும். தாங்குதிறன் இயல்நிலைப் பரவலில், அதாவது நடுவில் குவிந்து இருபுறமும் குறையும் மணி வடிவில், இருப்பதாகக் கொண்டார் பிளிஸ். ஒவ்வொரு சதவீதமும் சராசரியிலிருந்து எத்தனை திட்டவிலக்கம் தள்ளி நிற்கிறது என்று பார்த்து, கைக்கணக்கில் எதிர்ம எண் வராதிருக்க 5-ஐக் கூட்டினார். அதுதான் புரோபிட். 50 சதவீதம் என்றால் 5. 84 என்றால் ஏறத்தாழ 6. 16 என்றால் 4. வளைவு நேர்கோடாகிவிடுகிறது. கோடு 5-ஐத் தொடும் இடம், பாதி வண்டுகளைக் கொல்லும் அளவு. சரிவு செங்குத்தாக இருந்தால் வண்டுகள் ஒன்றுபோலிருக்கின்றன என்று பொருள். படுத்திருந்தால் தாங்குதிறனில் ஏற்றத்தாழ்வு அதிகம்.

அறுபதும் மடிந்த கடைசிக் குழுவை என்ன செய்வது? நூறு சதவீதத்தின் புரோபிட் முடிவிலி. வரைபடத்தில் அதற்கு இடமில்லை. பலர் அந்தக் குழுவையே நீக்கிவிடுகிறார்கள். அது தகவலை வீணாக்குவது. பிளிஸின் கட்டுரைக்கு ஃபிஷர் எழுதிய பிற்சேர்க்கை இதற்காகவே வந்தது: கிடைத்த தரவு வருவதற்கு மிக அதிக வாய்ப்புத் தரும் வளைவைத் தேடும் மீப்பெரு நிகழ்தகவு முறையில், யாரும் பிழைக்காத குழுவும் தன் பங்கைச் சொல்லும். இன்று கணினி நொடியில் செய்கிறது. ஆனால் அதற்குச் சதவீதத்தை மட்டும் கொடுக்காதீர்கள். இறந்தவை எத்தனை, மொத்தம் எத்தனை என்று கொடுங்கள். பத்தில் ஐந்தும் ஆயிரத்தில் ஐந்நூறும் சதவீதத்தில் ஒன்றுதான், நம்பகத்தன்மையில் அல்ல.

இந்த முறையில் நான் முழுதாக நம்புவது நடுப்புள்ளியை. பிளிஸின் தரவுக்குச் சமச்சீரற்ற இன்னொரு வளைவு புரோபிட்டைவிட நன்றாகப் பொருந்துகிறது. பாதியைக் கொல்லும் அளவு புரோபிட்டில் லிட்டருக்குச் சுமார் 59 மில்லிகிராம், மற்றதில் 60. பெரிய வேறுபாடில்லை. ஆனால் 99 சதவீதத்தைக் கொல்லும் அளவு புரோபிட்டில் 77, மற்றதில் 73. தானியக் கிடங்குக்காரருக்கு வேண்டியதோ இந்த 99 சதவீத அளவுதான். ஆகவே 99 சதவீத அளவைச் சொல்லும் எந்த அறிக்கையைப் பார்த்தாலும், எந்த வளைவில் கணக்கிட்டார்கள், நம்பக இடைவெளி, அதாவது உண்மை மதிப்பு இருக்கக்கூடிய வரம்பு, எவ்வளவு என்று தயங்காமல் கேளுங்கள். நச்சே படாத ஒப்பீட்டுக் குழுவில் எத்தனை வண்டுகள் தாமாக இறந்தன என்றும் கேளுங்கள்; அதைக் கழிக்க 1925-லேயே பூச்சியியலாளர் ஆபட் தந்த சூத்திரம் இருக்கிறது.

நன்றி, வணக்கம்.