சொந்த இன்ஜின் இல்லாத எக்ஸ்பிரஸ்

நேயர்களுக்கு வணக்கம்.

ஓரியண்ட் எக்ஸ்பிரஸ் என்றதும் வெல்வெட் இருக்கையும் வெள்ளிக் கரண்டியும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். எனக்கோ அந்த ரயிலின் பெரிய அதிசயம் வேறு. அதை நடத்திய வாகோன் லீ கம்பெனிக்கு அந்தப் பாதையில் சொந்தமாக ஓர் இன்ஜின் கிடையாது, ஓரடி தண்டவாளம் கிடையாது. பெட்டிகள் மட்டுமே அவர்களுடையவை.

கம்பெனியைத் தொடங்கியவர் ஜார்ஜ் நாகல்மாக்கர்ஸ். பெல்ஜியத்தில் லியேஜ் நகரத்து வங்கிக் குடும்பத்துப் பிள்ளை. 1860களின் கடைசியில் அமெரிக்கா போனவர், அங்கே புல்மன் என்ற கம்பெனியின் படுக்கைப் பெட்டிகளைப் பார்த்து அசந்துபோனார். சரி, நம் ஊரிலும் இதைச் செய்வோம் என்று திரும்பினார். அமெரிக்கா ஒரே நாடு. ஐரோப்பாவில் ஒரு ராத்திரி தூங்கி எழுவதற்குள் எல்லை வந்துவிடும். இந்தப் பக்கம் ஒரு ரயில்வே, அந்தப் பக்கம் இன்னொன்று. ஒவ்வொன்றாகப் போய்ப் பேசினார். பேரம் எளிமையானது: பெட்டியை நீங்கள் இழுங்கள், டிக்கெட் பணம் உங்களுக்கு, படுக்கைக்கான கூடுதல் கட்டணம் எங்களுக்கு.

1883 அக்டோபர் 4 அன்று பாரிஸிலிருந்து இஸ்தான்புல்லை நோக்கி ரயில் புறப்பட்டது. ஸ்ட்ராஸ்பர்க், மியூனிக், வியன்னா, புடாபெஸ்ட், புக்கரெஸ்ட் என்று போனது. போரில் தோற்று, 1871ல் அந்த ஸ்ட்ராஸ்பர்க்கை ஜெர்மனியிடம் இழந்திருந்தது பிரான்ஸ். காயம் ஆறாத அந்த எல்லையில் பிரெஞ்சு இன்ஜினைக் கழற்றி ஜெர்மன் இன்ஜினை மாட்டினார்கள். உள்ளே இருந்தவர்கள் இறங்கவே வேண்டாம். இதை எப்போது நினைத்தாலும் எனக்கு மனசு நெகிழ்கிறது.

ஆனால் தண்டவாளம் அப்போது இஸ்தான்புல் வரை போகவில்லை. ருமேனியாவின் ஜியுர்ஜுவில் இறங்கி, படகில் டான்யூப் நதியைக் கடந்து, மறுகரையில் வேறு ரயிலில் வர்னா துறைமுகம் போய், அப்புறம் கருங்கடலில் கப்பல். 1889ல்தான் நேர் ரயில் வந்தது.

பெட்டிக்கு ஒரு கண்டக்டர். நடைபாதையின் கோடியில் அவருக்கு ஒரு சின்ன இருக்கை. பயணிகளின் பாஸ்போர்ட்டுகளை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்வார். நடுராத்திரி எல்லை வந்தால் அதிகாரிகளிடம் அவரே காட்டுவார். பயணியின் தூக்கம் கலையாது. குளிர் நாட்களில் பெட்டிக் கோடியில் இருக்கும் கொதிகலனுக்குக் கரி போடுவதும் அவர் வேலைதான்.

1914ல் போர் வந்து வண்டி நின்றது. 1918 நவம்பர் 11 அன்று போர்நிறுத்தம் கையெழுத்தானதுகூட இதே கம்பெனியின் சாப்பாட்டுப் பெட்டியொன்றில், 2419 எண் கொண்ட பெட்டியில். 1940ல் ஹிட்லர் அதே பெட்டியை அருங்காட்சியகத்திலிருந்து வெளியே கொண்டுவந்து, தோற்ற பிரான்ஸிடம் போர்நிறுத்த ஒப்பந்தத்தை அதற்குள்ளேயே எழுதி வாங்கினார். எல்லைகளை மறக்கச் செய்யப் பிறந்த பெட்டிக்கு இப்படி ஒரு வேலையைக் கொடுத்துவிட்டார்களே என்று எனக்கு இன்றும் ஆறவில்லை.

இரண்டாம் போருக்குப் பிறகு கெடுபிடி மிகுந்த எல்லைகள், விமானங்கள். பழைய சொகுசெல்லாம் தேய்ந்து, பாரிஸ்–இஸ்தான்புல் நேர் ரயில் 1977 மே மாதத்தோடு நின்றது. வியன்னா பக்கம் ஓடிக்கொண்டிருந்த மிச்ச ரயிலும் 2009 டிசம்பரில் கால அட்டவணையிலிருந்து போய்விட்டது.

1920களின் பெட்டிகள் சிலவற்றை ஒரு தனியார் நிறுவனம் தேடி வாங்கிப் புதுப்பித்து, 1982லிருந்து சுற்றுலா ரயிலாக ஓட்டிவருகிறது. நீல நிறமும் பொன் எழுத்தும் அப்படியே. கொதிகலனும் அப்படியே, கண்டக்டர்தான் இன்றும் அதற்குக் கரி அள்ளிப் போடுகிறார்.

வணக்கம்.