தேனீக்காக உப்புத் தூவும் உழவர்கள் | டூஷி பள்ளத்தாக்கு, வாஷிங்டன்

வணக்கம். எனக்குப் பின்னால் வெளுத்துக் கிடக்கும் இந்த நிலத்தைப் பார்த்தால், உழவுக்கு ஆகாது என்று கைவிடப்பட்ட களர் நிலம் என்றுதான் உங்களுக்குத் தோன்றும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், வாலா வாலா நகருக்கு மேற்கே உள்ள டூஷி பள்ளத்தாக்கில் இப்படிப்பட்ட நிலங்கள் பல இருக்கின்றன. இவற்றின் உரிமையாளர்கள் மண்ணுக்கடியில் துளையிட்ட குழாய்களைப் புதைத்து நீர் விடுகிறார்கள், மேலே உப்பைத் தூவுகிறார்கள், முளைக்கும் களையை நீக்குகிறார்கள். ஆனால் எதையும் விதைப்பதில்லை. இத்தனை உழைப்பும் களர்நிலத் தேனீ என்கிற, நோமியா மெலாண்டரி என்று அறிவியலார் அழைக்கிற, ஒரு தேனீயைக் குடிவைப்பதற்காக.

நிலத்துக்குள் கால் வைத்தால் வளைகள் இடிந்துவிடும் என்பதால் ஓரத்தில் நின்றே கேமராவைத் தரைக்கு அருகில் கொண்டுபோகிறேன். காற்றின் இரைச்சல் சற்று அதிகமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். சிறுசிறு மண் குவியல்கள் தெரிகின்றனவா? ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு துளை. ஒவ்வொரு துளைக்கும் ஒரு பெண் தேனீ. இதோ இப்போது இறங்குகிறதே, அதன் வயிற்றின் குறுக்கே பச்சையும் நீலமுமாக மினுங்கும் பட்டைகளைப் பாருங்கள். உருவத்தில் ஏறக்குறைய வளர்ப்புத் தேனீ அளவுதான்.

இவ்வளவு நெருக்கமாக இருப்பதால் இது ஒரு கூட்டம் என்று நினைத்துவிட வேண்டாம். இங்கே அரசித் தேனீ இல்லை, வேலைக்காரத் தேனீ இல்லை, சேமித்த தேன் இல்லை. ஒரே தெருவில் குடியிருந்தாலும் ஒவ்வொரு வீட்டிலும் உலை தனித்தனியாகக் கொதிப்பதைப் போல, ஒவ்வொரு பெண்ணும் தன் வளையைத் தானே தோண்டி, தன் பிள்ளைகளுக்குத் தானே உணவு சேர்க்கிறது. ஈரமும் இறுக்கமும் பொருந்திய மண் சில இடங்களில் மட்டுமே கிடைப்பதாலும், பிறந்த மண்ணிலேயே மகள்கள் மீண்டும் தோண்டுவதாலும்தான் இந்த நெருக்கம். காக்க வேண்டிய பொதுச் சொத்து எதுவும் இல்லாததால் இவை மனிதரைத் துரத்திக் கொட்டுவதில்லை. பிடித்து அழுத்தினால் பெண் கொட்டும், ஆணுக்குக் கொடுக்கே கிடையாது.

வளைக்குள் நடப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. செங்குத்தாக இறங்கும் சுரங்கத்தின் அடியில், பெரும்பாலும் ஒரு சாண் ஆழத்துக்குள், முட்டை வடிவ அறைகளை அந்தத் தேனீ அமைக்கிறது. அறையின் உட்சுவரை வழவழப்பாக்கி, வயிற்றிலுள்ள டுஃபோர் சுரப்பியின் கசிவைப் பூசுகிறது. நீர் புகாத அந்த மெல்லிய பூச்சு, மண்ணின் ஈரம் உள்ளே ஊறுவதையும் உள்ளேயிருக்கும் உணவு உலர்ந்துபோவதையும் தடுக்கிறது. பிறகு பலமுறை பறந்து சென்று மகரந்தம் கொண்டுவந்து, பூந்தேன் விட்டுப் பிசைந்து உருண்டையாக்கி, அதன் மேல் ஒரே ஒரு முட்டையை இட்டு, அறையை மண்ணால் அடைத்துவிடுகிறது. முட்டையைக் கருவுறச் செய்தால் மகள், கருவுறாமல் இட்டால் மகன். கலவியில் பெற்ற விந்தைத் தன் உடலுக்குள் சேமித்து வைத்திருப்பதால், எது வேண்டும் என்பதைத் தாயே முடிவு செய்கிறது. வெயில் நன்றாக அடிக்கும் நாளில் ஓர் அறைதான் முடியும் என்பதாலும், வளர்ந்த தேனீயின் ஆயுள் சில வாரங்களே என்பதாலும், ஒரு தாய்க்குப் பத்திருபது பிள்ளைகளுக்கு மேல் வாய்ப்பில்லை. வளர்ப்புத் தேனீயின் அரசி ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேல் முட்டையிடுவதை நினைத்துப் பார்த்தால், இங்கே இழக்கும் ஒவ்வோர் அறையும் எவ்வளவு பெரிய இழப்பு என்பது விளங்கும்.

முட்டையிலிருந்து வரும் புழு உருண்டையைத் தின்று முடித்ததும் வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு, பனிக்காலம் முழுவதும் அசையாமல் மண்ணுக்குள் கிடக்கிறது. அடுத்த கோடையின் வெப்பம் மண்ணில் இறங்கிய பிறகே கூட்டுப்புழுவாகி, பின் தேனீயாக வெளியே வருகிறது. ஆண்கள் சில நாள் முந்தி வந்து, பெண்களை எதிர்பார்த்துத் தரையை ஒட்டிப் பறந்துகொண்டே இருக்கும்.

உப்பின் வேலை இங்கேதான் வருகிறது. மேற்பரப்பில் படியும் உப்புப் பொருக்கு, கீழிருந்து ஏறிவரும் ஈரம் ஆவியாகாமல் காக்கிறது, செடிகொடிகளையும் அண்டவிடுவதில்லை. ஈரம் குறைந்தால் உணவு உருண்டை காய்ந்துவிடும், அளவு மீறினால் பூஞ்சை பிடிக்கும். இந்த இடைநிலையைப் பிடிப்பதே இவ்வூர் உழவர்களின் கைத்திறன் என்று சொல்வேன்.

இவர்களுக்கு ஏன் இந்த அக்கறை? இங்கே விளைவது குதிரைமசால் என்ற தீவனப் பயிரின் விதை. அந்தப் பூவின் படகல்லிக்குள், அதாவது படகு போன்ற அடியிதழ்களுக்குள், மகரந்தத் தூண் விறைத்து மடங்கியிருக்கும். தேனீ அமர்ந்து அழுத்தியதும் அந்தத் தூண் விடுபட்டுத் தேனீயின் தலையில் ஓர் அடி அடிக்கும். வளர்ப்புத் தேனீக்கு இந்த அடி பிடிப்பதில்லை. பக்கவாட்டில் நாக்கை விட்டுத் தேனை மட்டும் உறிஞ்சிக்கொள்ள விரைவிலேயே பழகிவிடுகிறது. பூ விடுபடாவிட்டால் விதை இல்லை. களர்நிலத் தேனீயோ அடியைப் பொருட்படுத்தாமல் பூப்பூவாகத் திறந்துகொண்டே போகிறது. பெட்டிக்குள் அடைத்து வண்டியில் ஏற்றிச் செல்ல முடியாத தேனீ என்பதால், அதைப் பெருக்க மண்ணைத்தான் பேண வேண்டும். தேனீக்கென்று புதிய நிலம் தொடங்க நினைத்தால் புழுக்கள் உறங்கும் மண்ணையே பாளமாக வெட்டிக் கொண்டுவந்து பதிப்பார்கள். 2008இல் வெளியான கணக்கெடுப்பில், இந்தப் பள்ளத்தாக்கில் சுமார் 1 கோடியே 70 லட்சம் பெண் தேனீக்கள் கூடு கட்டியிருந்ததாக மதிப்பிடப்பட்டது. தேனீக்கள் பறக்கும் பருவத்தில் இங்குள்ள சாலைகளில் வண்டிகள் மணிக்கு 20 மைல் வேகத்தில்தான் போக வேண்டும்.

எதிரிகளும் உண்டு. ஹெட்டரோஸ்டைலம் என்னும் தேனீ போன்ற ஈ, வளையின் வாய்க்கு மேல் அந்தரத்தில் நின்றபடி முட்டைகளை உள்ளே சுண்டிவிடும். அதன் புழு அறைக்குள் நுழைந்து, தேனீயின் புழு கொழுத்து வளரும்வரை காத்திருந்து, பிறகு அதை உறிஞ்சிவிடும். அந்த ஈ சாதாரண ஓட்டைகளிலும் ஏமாந்து முட்டையிடும் என்பது ஒரு சின்ன ஆறுதல்.

களர்நிலத் தேனீயின் உறவினர்கள் தமிழ்நாட்டிலும் இருக்கின்றன. அதே துணைக்குடும்பத்தைச் சேர்ந்த ஹாப்ளோநோமியா தேனீக்கள், கத்தரிப் பூவைப் பற்றிக்கொண்டு உடலை அதிரச் செய்து மகரந்தத்தை உதிர்ப்பவை. உங்கள் தோட்டத்து வெறும் தரையில், பென்சில் நுழையும் அளவுக்கோ அதைவிடச் சிறிதாகவோ ஒரு துளையும், சுற்றிலும் புதுமண்ணும் தென்பட்டால், வெயில் ஏறிய பிறகு சற்றுத் தள்ளி அமர்ந்து கவனியுங்கள். பின்னங்கால்களில் மகரந்தப் பொடி அப்பியபடி உள்ளே போனால் அது தேனீ. புழுவையோ சிலந்தியையோ பிடித்து இழுத்துக்கொண்டு போனால் குளவி. வரிசையாகப் பலர் வந்துபோனால் எறும்பு. தேனீ என்று உறுதியானால், அந்த இடத்தைக் கொத்தாமலும் சருகால் மூடாமலும் அடுத்த பருவம்வரை விட்டுவையுங்கள். மேலே நடமாட்டம் நின்ற பிறகும் புழுக்கள் உள்ளே இருக்கும்.