பேயை எல்லோரும் பார்க்கட்டும்: காஸ்கெல் கதைகளும் நள்ளிரவு உரைகளும்

வணக்கம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இன்று ஒரு பேய்க்கதையின் முடிவை உடைக்கப்போகிறேன். கதை 1852இல் வந்த ‘முதிய தாதியின் கதை’ (The Old Nurse's Story). அதன் ரகசியத்தை இனியும் கட்டிக்காக்க என்னால் முடியாது. படிக்காதவர்கள் காணொலியை இங்கேயே நிறுத்திவிட்டுப் படித்துவிட்டு வாருங்கள். ப்ராஜெக்ட் குட்டன்பர்க் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

எழுதியவர் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில எழுத்தாளர் எலிசபெத் காஸ்கெல். நாவல்களால் பெயர் பெற்றவர். அவருடைய சிறுகதைகளைப் பற்றி இணையத்தில் நடக்கும் உரைகளைச் சில காலமாகக் கேட்டு வருகிறேன். மான்செஸ்டரில் அவர் 1850 முதல் வாழ்ந்த பிளைமவுத் குரோவ் வீடு இன்று அருங்காட்சியகம். 1985இல் தொடங்கிய காஸ்கெல் சங்கம் ஒன்றும் உண்டு. இவை போக, பல்கலைக்கழகங்கள், நூலகங்கள், தனி ஆய்வாளர்கள் என்று பலரும் பேசுகிறார்கள். ஒரே தொல்லை நேரம். குளிர்காலத்தில் அங்கே இரவு ஏழு மணி என்றால் நமக்கு நள்ளிரவு பன்னிரண்டரை. பேய்க்கதைக்கு ஏற்ற நேரம்தான், மறுநாள் அலுவலகத்துக்குத்தான் ஏற்றதல்ல.

இந்த உரைகளில் பெரும்பாலானவற்றின் மீது எனக்கு ஒரு மனக்குறை. ஒரு மணி நேரத்தில் பாதி வாழ்க்கை வரலாற்றுக்கே போய்விடுகிறது. 1810இல் பிறந்தார், தாய் சீக்கிரமே இறந்தார், நட்ஸ்ஃபோர்ட் என்ற ஊரில் பெரியம்மா வீட்டில் வளர்ந்தார், 1832இல் யூனிட்டேரியன் என்ற கிறிஸ்தவப் பிரிவின் போதகரை மணந்தார், 1845இல் கைக்குழந்தையாக இருந்த மகனைப் பறிகொடுத்தார், அந்தத் துயரிலிருந்து மீள முதல் நாவலை எழுதத் தொடங்கினார். எல்லாம் உண்மை. ஆனால் இதை எந்தக் கலைக்களஞ்சியத்திலும் படித்துக்கொள்ளலாமே. ‘ஜேன் அயர்’ எழுதிய சார்லட் பிரான்டி பிளைமவுத் குரோவ் வீட்டுக்கு வந்திருந்தபோது, வேறு விருந்தினர் வரும் ஓசை கேட்டுத் திரைச்சீலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்ட கதையும் தவறாமல் வந்துவிடும். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. என்றாலும், கதையை எப்போது திறப்பார்கள் என்று காத்திருப்பவனுக்குப் பொறுமை போய்விடுகிறது.

அண்மையில் கேட்ட ஒன்று அப்படி இல்லை. பேசியவர் நேராக ‘முதிய தாதியின் கதை’யின் ஒரு பக்கத்தைத் திரையில் போட்டார். கடைசி வரை அந்தக் கதையை விட்டு நகரவே இல்லை.

கதை இதுதான். ரோசமண்ட் என்ற அனாதைச் சிறுமியும் அவளுடைய இளம் தாதி ஹெஸ்டரும் வட இங்கிலாந்தின் நார்த்தம்பர்லாண்டில் ஒரு பழைய மாளிகைக்கு வருகிறார்கள். அங்கே எண்பது வயதை நெருங்கும், காது கேளாத கிரேஸ் ஃபர்னிவால் என்ற சீமாட்டி இருக்கிறார். குளிர்கால இரவுகளில் கூடத்தில் இருக்கும் ஆர்கன் என்ற பெரிய இசைக்கருவி தானாகவே முழங்குகிறது. ஹெஸ்டர் அதைத் திறந்து பார்க்கிறாள், உள்ளே எல்லாம் உடைந்து நொறுங்கிக் கிடக்கிறது. ஒரு நாள் சிறுமி பனியில் காணாமற்போய், உறைந்து சாகும் நிலையில் கண்டெடுக்கப்படுகிறாள். வேறொரு சிறுமி கைகாட்டி அழைத்தாள் என்கிறாள். பனியில் இருந்ததோ ரோசமண்டின் காலடித் தடம் மட்டும்தான்.

அந்த உரையில் நிறுத்தி நிதானமாகப் படித்துக் காட்டிய இடம் அடுத்து வருவது. வெளியே பனியில் ஒரு குழந்தை சன்னல் கண்ணாடியை இரு கைகளாலும் அடிக்கிறது. தன் பலம் முழுவதையும் திரட்டி அடிக்கிறது. ஹெஸ்டர் பார்க்கிறாள். பார்த்த பிறகுதான் அவளுக்கு உறைக்கிறது: அத்தனை அடிக்கும் ஒரு சத்தம்கூடக் கேட்கவில்லை. பேய் வந்தது என்று எழுதாமல், வரவேண்டிய ஓசை வரவில்லை என்று எழுதுகிறார் காஸ்கெல். அதுவும் ஒரு கணம் தாமதமாக. ஹெஸ்டர் அதைக் கவனிக்கும் அதே வேகத்தில்தான் நாமும் கவனிக்கிறோம்.

இனி முடிவு. பல ஆண்டுகளுக்கு முன் அக்கா மாட், தங்கை கிரேஸ் இருவரும் ஒரே வெளிநாட்டு இசைக்கலைஞனை விரும்பினார்கள். அவன் அக்காவை ரகசியமாக மணந்தான், ஒரு மகள் பிறந்தாள். பொறாமையில் தங்கை அப்பாவிடம் காட்டிக்கொடுத்தாள். அவர் குழந்தையை ஊன்றுகோலால் அடித்து, தாயையும் மகளையும் பனியில் துரத்திவிட்டார். கதையின் இறுதியில் அந்த இரவு கூடத்தில் மறுபடி நிகழ்கிறது. கிழவி கிரேஸ் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, இளம் கிரேஸின் உருவம் இரக்கமில்லாத முகத்தோடு வந்து நிற்கிறது.

கதையை வெளியிட்டவர் சார்லஸ் டிக்கன்ஸ். தன் ‘ஹவுஸ்ஹோல்ட் வேர்ட்ஸ்’ இதழின் கிறிஸ்துமஸ் மலரில் சேர்த்துக்கொண்டார். அந்த இதழில் எழுதியவர் பெயர் போடும் வழக்கம் இல்லை, டிக்கன்ஸ் பெயர் மட்டும் பக்கத்துக்குப் பக்கம் இருக்கும். 1850இல் முதல் இதழிலேயே தொடங்கிய காஸ்கெலின் ‘லிசி லீ’ கதை அமெரிக்காவில் டிக்கன்ஸ் பெயரிலேயே அச்சாகிவிட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அப்படிப்பட்ட ஆசிரியர், இந்தக் கதையின் முடிவை மாற்றச் சொல்லிக் கடிதம் எழுதினார். உருவங்கள் குழந்தையின் கண்ணுக்கு மட்டும் தெரியட்டும், மற்றவர்கள் ஓசையை மட்டும் கேட்கட்டும் என்பது அவர் யோசனை. காஸ்கெல் இணங்கவில்லை. அவர் எழுதியபடியே அச்சானது.

டிக்கன்ஸ் சொன்னதுதான் சரி என்று இன்றைக்கும் சிலர் நினைக்கிறார்கள். பேய் இருந்ததா, பிரமையா என்ற ஐயம் இருந்தால் அச்சம் கூடும் என்பது அவர்கள் வாதம். உரைக்குப் பிந்தைய கேள்வி நேரத்திலும் ஒருவர் இதையே கேட்டார். நான் காஸ்கெல் பக்கம். குழந்தைக்கு மட்டும் தெரிந்தால் அது குழந்தையின் கற்பனை என்று ஒதுக்கிவிடலாம், கிழவியும் தப்பித்துக்கொள்வார். எல்லோர் கண்ணுக்கும் தெரியும்போது அந்தக் கூடம் நீதிமன்றம் ஆகிவிடுகிறது. சாட்சிகள் யார்? வேலைக்காரர்கள். பெரிய வீட்டின் குற்றத்தை அந்த வீட்டில் கூலிக்கு இருப்பவர்கள் நேருக்கு நேர் பார்க்கிறார்கள். கதையைச் சொல்வதே ஒரு தாதி என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அவள் இந்தக் கதையை யாரிடம் சொல்கிறாள்? அதே குடும்பத்தின் அடுத்த தலைமுறைக் குழந்தைகளிடம். குடும்பம் மூடி மறைத்ததைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு வேலைக்காரி எடுத்துச் சொல்கிறாள். டிக்கன்ஸ் கேட்ட முடிவில் இது நடந்திருக்காது. ஹெஸ்டரிடம் சொல்வதற்குப் பாதிக் கதைதான் மிஞ்சியிருக்கும்.

இந்த உரைகளைக் கேட்கப் போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. ஒரே ஒரு கதையின் பெயர் தலைப்பில் இருக்கும் உரையைத் தேர்ந்தெடுங்கள். ‘காஸ்கெலின் உலகம்’ போன்ற தலைப்பு என்றால் திரைச்சீலைக் கதைதான் மறுபடியும். கதையைப் படித்துவிட்டுப் போங்கள், பேசுகிறவர் முதல் ஐந்து நிமிடத்திலேயே முடிவைச் சொல்லிவிடுவார். கேள்வி இருந்தால் உரை நடக்கும்போதே தட்டச்சு செய்து அனுப்பிவிடுங்கள், கடைசியில் அனுப்புகிற கேள்விகளுக்கு நேரம் இருப்பதில்லை.

அடுத்த காணொலியில் 1861இல் வந்த காஸ்கெலின் இன்னொரு கதை, ‘சாம்பல் நிறப் பெண்’. கணவன் கொள்ளைக்கூட்டத் தலைவன் என்று தெரிந்ததும் மனைவி ஓடுகிறாள். கூடவே ஓடும் பணிப்பெண் அமந்த், ஊர் ஊராகப் போகும் தையற்காரனாக ஆண்வேடம் போட்டுக்கொள்கிறாள். பேய் கிடையாது, ஆனால் மேசைக்கு அடியில் மனைவி ஒளிந்திருக்கும் ஒரு காட்சி இருக்கிறது. அதைப் பற்றி மட்டுமே பத்து நிமிடம் பேசுவேன், படித்துவிட்டு வாருங்கள்.