மூன்று மாதம் முதல் நான்கு வயது வரை: பிள்ளையோடு யார் பேசுகிறார்கள்?

நேயர்களுக்கு வணக்கம்.

பாலர் பள்ளியைப் பற்றி இப்போது நம் மக்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதே இல்லை. எங்கே சேர்ப்பது, பக்கத்துத் தமிழ்ப்பள்ளியின் பாலர் வகுப்பில் இடம் கிடைக்குமா, கட்டணம் எவ்வளவு என்று பெற்றோர் முன்கூட்டியே விசாரிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். நல்லது. நான் இன்று பேச வந்தது அதற்கு முந்திய வயதைப் பற்றி. 2023 ஜனவரி முதல் நம் மலேசியாவில் பேறுகால விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது. 98 நாள் என்றால் மூன்று மாதத்துக்குக் கொஞ்சம் அதிகம். அந்த விடுப்பு முடிந்து அம்மா வேலைக்குத் திரும்புகிறார். பிள்ளைக்குப் பாலர் பள்ளி தொடங்குவது நான்கு வயதில். நடுவில் இருக்கும் அந்த மூன்றே முக்கால் ஆண்டு பிள்ளை யாரோடு இருக்கிறது? அப்புறம் இன்னொன்று: பிள்ளையோடு யார் பேசுகிறார்கள்? இந்த இரண்டாவது கேள்வியைத்தான் இன்றைக்குச் சுற்றிச் சுற்றி வருவேன்.

நான் இருப்பது சிலாங்கூரில் உள்ள பெஸ்தாரி ஜெயாவில். 2007-இல் பெயர் மாறியது. எங்கள் பெரியவர்களுக்கு அது இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். சுற்றிலும் தோட்டங்கள். முன்பு கித்தா என்கிற ரப்பர், பிறகு செம்பனை. இந்த நிகழ்ச்சியைக் கேட்டுக்கொண்டிருக்கும் மூத்த நேயர்களில் பலர் ஆயாக்கொட்டகையில் வளர்ந்தவர்களாக இருப்பீர்கள். விடிவதற்கு முன்பே பெரட்டு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுப்பு. அதற்கும் முன்னால் பிள்ளையைத் துணியில் சுற்றிக்கொண்டு, பால் புட்டியும் மாற்றுத் துணியுமாக, அம்மா அங்கே கொண்டுபோய் விடுவார். உத்தரத்தில் வரிசையாகச் சேலைத் தொட்டில்கள். பாலெடுக்க ரப்பர் மரம் வெட்டப் போக முடியாத வயதில் ஒரு பாட்டி, பெரிய தோட்டமாக இருந்தால் இரண்டு பேர், அத்தனை பிள்ளைகளையும் பார்த்துக்கொள்வார்கள்.

அதைப் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு ஆளுக்கு அத்தனை பிள்ளைகள் என்பது மிக அதிகம். அழுகிற பிள்ளையை எடுப்பதற்குள் இன்னொன்று அழும். ஈரத் துணியோடு கிடந்த பிள்ளைகளும் உண்டு, காய்ச்சல் கவனிக்கப்படாமல் போன பிள்ளைகளும் உண்டு. ஆனாலும் இரண்டு நல்ல விஷயங்கள் அங்கே இருந்தன. ஒன்று, நடந்து போகும் தூரம். வேலை முடிந்ததும் அம்மா நேரே அங்கே வந்துவிடுவார். இன்னொன்று பேச்சு. அந்தப் பாட்டி நாள் முழுக்கப் பேசிக்கொண்டே இருப்பார். தொட்டிலை ஆட்டிக்கொண்டே ஒரு பாட்டு, சோறு ஊட்டும்போது காக்காய்க்கு ஒரு வாய், உள்ளங்கையில் தொடங்கி அக்குள் வரை விரலால் நண்டு ஊரவிட்டு ஒரு சிரிப்பு. படிக்காத கிழவி என்று அவரைச் சொன்னோம். அவர் செய்தது என்ன என்பதைப் பின்னால் ஆராய்ச்சியாளர்கள் ஆய்வுக்கூடத்தில் வைத்துப் பார்த்தார்கள். அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பிறந்து ஆறேழு மாதம் வரை உலகத்தின் எந்த மொழியிலும் உள்ள ஒலி வேறுபாட்டைப் பிள்ளையின் காது பிரித்துக் கேட்கிறது. ஜப்பானியப் பெரியவர்களுக்கு ரகரமும் லகரமும் ஒன்றுபோலக் கேட்கும் என்பது பலருக்குத் தெரியும். அவர்களுடைய குழந்தைகளுக்கு அந்த வயதில் அவை இரண்டும் தனித்தனியாகவே கேட்கின்றன. ஒரு வயதை நெருங்கும்போது காது தன்னைச் சுற்றி ஒலிக்கும் மொழிக்குத் தன்னை ஒப்படைத்துவிடுகிறது. மற்றவற்றைப் பிரிக்கும் திறன் மங்குகிறது. நம் லகரம், ளகரம், ழகரம், அப்புறம் நகரம், னகரம், ணகரம் எல்லாம் முதலில் காதில் விழுந்து பதிய வேண்டிய காலமும் அதுதான். ஏழு வயதில் பள்ளியில் வந்து உச்சரிப்புத் திருத்துகிறோம். அதற்கு வித்து தொட்டிலிலேயே விழுந்திருக்க வேண்டும்.

2003-இல் அமெரிக்காவின் சியாட்டிலில் பட்ரீசியா கூல் என்பவரும் அவருடைய குழுவினரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஆங்கிலம் மட்டும் கேட்டு வளர்ந்த ஒன்பது மாதக் குழந்தைகள். அவர்களோடு மாண்டரின் பேசும் பெரியவர்கள் தரையில் உட்கார்ந்து, புத்தகம் காட்டி, பொம்மை கொடுத்து, பேசி விளையாடினார்கள். மொத்தம் 12 அமர்வுகள். அதன் பிறகு சோதித்தால், அந்தக் குழந்தைகள் மாண்டரின் ஒலிகளைச் சீனக் குழந்தைகளைப்போலவே பிரித்துக் கேட்டன. இன்னொரு பிரிவுக் குழந்தைகளுக்கு அதே ஆட்கள், அதே பேச்சு, அதே பொம்மைகள் எல்லாம் படமாகத் தொலைக்காட்சியில் காட்டப்பட்டன. அவர்களும் உற்றுப் பார்த்தார்கள். ஆனால் எதுவும் பதியவில்லை. மாண்டரினையே கேட்காத குழந்தைகளுக்கும் இவர்களுக்கும் வேறுபாடு இல்லை.

இதை மறுபடி சொல்கிறேன், இப்போதுதான் வானொலியைத் திருப்பியவர்களும் இருப்பீர்கள். எதிரே ஓர் ஆள் உட்கார்ந்து பேசியபோது பிள்ளை கற்றுக்கொண்டது. அதே ஆள் திரையிலிருந்து பேசியபோது கற்றுக்கொள்ளவில்லை.

அதனால்தான் கைப்பேசியைப் பற்றி நான் கண்டிப்பாக இருக்கிறேன். உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம் என்கிறது. இரண்டு முதல் நான்கு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, அதிலும் குறைந்தால் நல்லது என்கிறது. எங்கள் ஊரில் பெற்றோர் சேர்ந்து நடத்தும் காப்பகத்தில் முதல் நாளிலிருந்தே திரை கிடையாது. ஒரு தாமானின், அதாவது குடியிருப்புப் பகுதியின், மூலை வீடுதான் அது. பொறுப்பில் இருப்பவர்கள் பெற்றோர் சிலர், ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், கோயில் நிர்வாகத்தில் இருக்கும் ஓர் அண்ணன்.

அங்கே ஒரு பையன் வந்தான். இரண்டரை வயது இருக்கும். ஆங்கிலத்தில் நிறங்களின் பெயரை வரிசையாகச் சொல்வான், எண்களும் சொல்வான். பெற்றோருக்குப் பெருமை. ஆனால் தாகமெடுத்தால் தண்ணீர் கேட்கத் தெரியாது. கத்துவான். எங்கள் டீச்சர் வேறெதுவும் செய்யவில்லை. தினமும் கைகழுவும் குழாயடியில் அவன் உயரத்துக்குக் குனிந்து உட்கார்ந்து, "தண்ணி வேணுமா?" என்று கேட்பார். கேட்டுவிட்டுக் காத்திருப்பார். மனத்துக்குள் ஐந்து வரை எண்ணுவார். பதில் வராவிட்டால் அவரே "தண்ணி" என்று சொல்லிக் குழாயைத் திறப்பார். சில வாரங்களில் அவன் குழாயைக் காட்டினான். அப்புறம் "தண்ணி" என்றான். அப்புறம் "டீச்சர், தண்ணி" என்றான். ஒரு ஆளைப் பார்த்துக் கேட்டால் அவர் தருவார் என்பது அவனுக்குப் புரிந்துவிட்டது. நிறங்களின் பெயரைவிட எனக்கு அது பெரிய கல்வியாகப் படுகிறது.

காத்திருப்பதைத்தான் பெரியவர்கள் மறந்துவிடுகிறோம். கேள்வியும் நாமே, பதிலும் நாமே. பிள்ளையின் 'ங்கா' ஒரு பதில்தான். அதற்குத் திரும்ப நாம் ஒன்று சொன்னால் உரையாடல் ஆகிவிடுகிறது. துணி மாற்றும்போது பேசலாம், குளிப்பாட்டும்போது பேசலாம். தனியாகப் பாடம் வேண்டாம்.

எந்த மொழியில் என்று கேட்பார்கள். உங்களுக்குச் சரளமாக வரும் மொழியில். தமிழ் பேசினால் பிள்ளை குழம்பிவிடும் என்று பயந்து, தனக்கே தடுமாறும் ஆங்கிலத்தில் நான்கு சொல்லோடு நிறுத்திக்கொள்ளும் அம்மாக்களை நான் பார்க்கிறேன். நாள் முழுக்க அந்தப் பிள்ளைக்குக் கிடைப்பது "கம், சிட், ஈட், ஸ்லீப்" மட்டுமே. தமிழில் பேசியிருந்தால் கதையே சொல்லியிருப்பார். மலாயும் ஆங்கிலமும் வரும், பள்ளியில் வரும், கடையில் வரும், விளையாட்டில் வரும். இரண்டு மூன்று மொழிகளைச் சேர்த்துக் கற்கக் குழந்தையின் மூளைக்குத் தெம்பு உண்டு.

சரி, ஊர் மக்களே காப்பகம் நடத்துவது நடக்கிற காரியமா? இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் நான் இத்தாலிக்குப் போய்விடுவேன். ரெஜ்ஜோ எமிலியா என்ற நகரத்துக்குப் பக்கத்தில் வில்லா செல்லா என்று ஒரு கிராமம். 1945 வசந்தம், போர் முடிந்து சில நாட்கள்தான் ஆகின்றன. வீடுகள் இடிந்து கிடக்கின்றன. பின்வாங்கிய ஜெர்மன் படை விட்டுப்போன ஒரு பீரங்கி வண்டி, சில லாரிகள், சில குதிரைகள் அந்த மக்களிடம் இருந்தன. அவற்றை விற்றார்கள். அந்தக் காசில் என்ன செய்வது? பிள்ளைகளுக்குப் பள்ளி கட்டுவது என்று முடிவு செய்தார்கள். குண்டு விழுந்த வீடுகளிலிருந்து செங்கல் எடுத்தார்கள், ஆற்றிலிருந்து மணல் எடுத்தார்கள், நிலம் ஒரு விவசாயி கொடுத்தார். வேலை முடிந்த பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் அவர்களே கட்டினார்கள். செய்தி கேட்டு லோரிஸ் மலகுஸ்ஸி என்ற இளம் ஆசிரியர் சைக்கிளை எடுத்துக்கொண்டு பார்க்க வந்தார். வந்தவர் வாழ்நாள் முழுக்க அந்த வேலையிலேயே நின்றுவிட்டார். 1963-இல் ரெஜ்ஜோ நகராட்சி தன் முதல் பாலர் பள்ளியைத் திறந்தது. 1971-இல் மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கான காப்பகம். இன்றைக்கு உலகம் முழுக்க ஆசிரியர்கள் அந்த ஊருக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்கள். விவசாயக் கூலிகளும் தொழிலாளர்களும் தொடங்கிய காரியம் அது. எல்லாம் நாசமான நேரத்தில், கையில் வந்த முதல் காசைப் பிள்ளைகளுக்கு வைத்தார்கள். நமக்குத் திருவிழாவுக்கு நன்கொடை திரட்டத் தெரியும், சவ ஊர்வலத்துக்குக் கூடாரம் போடத் தெரியும். நம் தாத்தா பாட்டி தினக்கூலியிலிருந்து காசு கொடுத்துத் தமிழ்ப்பள்ளிகளுக்குக் கட்டடம் எழுப்பியிருக்கிறார்கள். ஆகவே நடக்கிற காரியம்தான்.

ஆனால் கணக்கைச் சரியாகப் போட வேண்டும். ஒரு வயதுக்குக் கீழே மூன்று குழந்தைகளுக்கு ஒரு பராமரிப்பாளர், ஒன்று முதல் மூன்று வயது வரை ஐந்து பேருக்கு ஒருவர், மூன்று முதல் நான்கு வயது வரை பத்துப் பேருக்கு ஒருவர். இது நம் நாட்டு விதி. குறைந்தபட்சச் சம்பளம் இப்போது 1,700 ரிங்கிட். மூன்று கைக்குழந்தைகளுக்குப் பங்கிட்டால் தலைக்கு 566 ரிங்கிட்டுக்கு மேல். முதலாளி கட்ட வேண்டிய இபிஎஃப் சேமநிதி, சொக்சோ காப்புறுதி சேர்த்தால் 600-ஐத் தாண்டும். வாடகை, பால், விளக்கு இன்னும் சேரவில்லை. அதே 1,700 சம்பளம் வாங்கும் ஓர் அம்மா இதை எப்படிக் கட்டுவார்? கட்ட முடியாது. அதனால்தான் கைக்குழந்தைகளைத் தனியார் காப்பகங்கள் பலவும் எடுக்கத் தயங்குகின்றன.

இங்கேதான் ஊர் வர வேண்டும். வாடகை இல்லாமல் ஓர் இடம் கிடைத்தால் ஒரு சுமை இறங்கிவிடும். கோயில் மண்டபத்தின் பக்கத்து அறை, சங்கக் கட்டடம் என்று எல்லா ஊரிலும் பகலில் பூட்டிக் கிடக்கும் இடம் உண்டு. பணம் போதவில்லையென்றால் சுவர் ஓவியத்தைக் குறையுங்கள். நான்கு வயதுப் பிள்ளைக்குப் பட்டமளிப்பு அங்கியும் தொப்பியும் வேண்டாம். டீச்சரின் சம்பளத்தில் மட்டும் கை வைக்காதீர்கள், பிள்ளைகளின் எண்ணிக்கையையும் கூட்டாதீர்கள். பத்துக் குழந்தைகளை ஒரு ஆளிடம் விட்டால் அவர் துடைப்பார், ஊட்டுவார், தூங்கவைப்பார். பேச நேரம் இருக்காது. நான் தொடக்கத்திலிருந்து சொல்லும் விஷயம் அங்கேதான் அடிபடுகிறது. அடிக்கடி ஆள் மாறினாலும் அதே கதைதான். பழகிய முகம் போய்விட்டால் பிள்ளை மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

நேரம் ஆகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். சாப்பாட்டைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்திருந்தேன். 2019 தேசியச் சுகாதார ஆய்வின்படி நம் நாட்டில் ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளில் 21.8 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். ஐந்தில் ஒருவருக்கும் மேல். காப்பகத்தில் பிஸ்கட்டும் இனிப்புத் தண்ணீரும் வேண்டாம். முட்டை, நெத்திலி, பருப்பு, கீரை போதும். ரம்புத்தான் கொட்டை, முழு நிலக்கடலை, முழுத் திராட்சை இவை தொண்டையை அடைக்கும், சின்னப் பிள்ளைகள் கைக்கு எட்டவே கூடாது. காலையில் வாசலிலேயே கையையும் வாயையும் பாருங்கள். கொப்புளம் இருந்தால், கை, கால், வாய் நோயா என்று கிளினிக்கில் காட்டும் வரை பிள்ளை வீட்டில் இருக்கட்டும். ஒரு பிள்ளைக்கு வந்தால் எல்லாருக்கும் வரும்.

கடைசியாகப் பதிவு. நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட பிள்ளைகளைக் கட்டணம் வாங்கிப் பார்த்துக்கொண்டால், 1984-ஆம் ஆண்டின் குழந்தைகள் காப்பகச் சட்டப்படி சமூகநல இலாகாவில் பதிய வேண்டும். வீட்டிலேயே வைத்துப் பார்ப்பவர்களுக்கும் இது பொருந்தும். தீயணைப்புத் துறை, சுகாதாரத் துறை, ஊராட்சி மன்றம் ஆகியவற்றின் ஒப்புதலும் கேட்பார்கள். பராமரிப்பாளர்களுக்குப் பயிற்சி வகுப்பு உண்டு. முதலில் உங்கள் மாவட்டச் சமூகநல அலுவலகத்துக்குப் போய்க் கேளுங்கள். வீட்டைப் புதுப்பிக்கப் பணம் செலவழிப்பதற்கு முன்னால் கேளுங்கள். கதவு அகலம், கழிப்பறை, சமையலறைத் தடுப்பு எல்லாவற்றையும் பிறகு மாற்றினால் இரட்டைச் செலவு.

வாய்ப்பளித்த வானொலி நிலையத்தாருக்கும் கேட்டுக்கொண்டிருந்த உங்களுக்கும் நன்றி. வணக்கம்.