ஒழுங்கையில் நிற்கும் வெள்ளத்தை நெட்டில் தேடுவது எப்படி?

அடுத்த கேள்வி கிண்ணியாவிலிருந்து ஒரு தங்கச்சியுடையது. மாரி வந்தால் அவருடைய ஒழுங்கையில் நாள்கணக்கில் வெள்ளம் நிற்கிறதாம். அதையே பள்ளிக்கூட ஒப்படைக்கு எடுத்திருக்கிறார், ஆனால் நெட்டில் தேடினால் செய்திதான் வருகிறது, வேறு எங்கே பார்ப்பது என்று கேட்கிறார்.

'கிண்ணியா வெள்ளம்' என்று போட்டால் செய்திதான் வரும் தங்கச்சி. வெள்ளத்தைத் தேடாதீர்கள், அந்தத் தண்ணீர் முன்பு எந்த வழியால் ஓடியது என்று தேடுங்கள். கூகுள் எர்த் ப்ரோவைக் கம்ப்யூட்டரில் இறக்கி உங்கள் ஒழுங்கையைப் பெரிதாக்கினால், மேலே மணிக்கூடு மாதிரி ஓர் அடையாளம் இருக்கும், அதை அழுத்தி வருடம் வருடமாகப் பின்னால் போங்கள். பள்ளக் காணியை எப்போது நிரவினார்கள், எங்கே புதிதாகக் கட்டடம் வந்தது, வாய்க்கால் எந்த இடத்தில் காணாமல் போனது எல்லாம் ஓரளவு பிடிபடும். சில வருடங்களுக்குப் படமே இருக்காது, சிலதை முகில் மூடியிருக்கும், பரவாயில்லை. ஸ்கிரீன்ஷாட் எடுக்கும்போது தேதியும் சேர்ந்து விழட்டும், தேதி இல்லாத படத்தை வைத்து ஒன்றும் பேச முடியாது. ஃபேஸ்புக்கில் வரும் வெள்ளப் படங்களும் அப்படித்தான், பாதி வேறு வருடத்தது, வேறு ஊரது.

சரி, கணக்குகள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் தளத்தில் நிலைமை அறிக்கைகள் இருக்கின்றன, ஆனால் அதில் உங்கள் ஒழுங்கை வராது. 2012 தொகைமதிப்பின் சனத்தொகை கிராம சேவகர் பிரிவு வரைக்கும் இறங்கும், அதை எடுத்துக்கொள்ளுங்கள். தேடும்போது ஊர்ப் பெயரை இரண்டு மூன்று விதமாக எழுதிப் பாருங்கள், நம்முடைய தம்பலகாமம் அரசாங்கக் கடதாசியில் தம்பலகமுவ என்றும் கிடக்கும்.

அப்புறம் வீதியோரமாகத் தண்ணீர் ஓடும் அந்தக் கான் யாருடையது என்று பாருங்கள், முக்கால்வாசிப் பேர் இதைப் பார்ப்பதே இல்லை. ஏ, பி தர வீதி என்றால் வீதி அபிவிருத்தி அதிகார சபை, சி, டி என்றால் மாகாண வீதித் திணைக்களம், மற்றதெல்லாம் பெரும்பாலும் உள்ளூராட்சி சபை. கிண்ணியாவில் நகரசபையும் இருக்கிறது, பிரதேச சபையும் இருக்கிறது, மாறிப் போய் நின்றால் அங்கே போ இங்கே போ என்று அலைய விடுவார்கள்.

ஆளைக் கண்டுபிடித்ததும் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு கடிதம், வீட்டில் பெரியவர் ஒருவரின் பெயரில். ஏன் கேட்கிறோம் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. 'ஏன் வெள்ளம் நிற்கிறது' என்று கேட்காமல், 'இந்த வீதியின் கானுக்குக் கடைசியாக எந்த வருடம் எவ்வளவு காசு ஒதுக்கினீர்கள், வேலை முடிந்ததா' என்று கேளுங்கள். தருவார்களா இல்லையா என்று சொல்ல அவர்களுக்கு 14 வேலை நாட்கள் இருக்கின்றன, ஒப்படைக்கு நாள் கிட்டிவிட்டது என்றால் கூகுள் எர்த்தைப் பிறகு பார்க்கலாம், முதலில் கடிதத்தைக் கொடுங்கள்.