ட்ரையம்ஃப் டிஆர்6: பெட்ரோல் முள்ளும் டெம்பரேச்சர் முள்ளும் தப்பா காட்டுதா? மீட்டரைக் கழட்டாதீங்க

வணக்கம் மக்களே. கேமராவை இன்னைக்கு நேரா டாஷ்போர்டுக்கு அடியில வச்சிருக்கேன், ஏன்னா பார்க்க வேண்டியது எல்லாம் அங்கதான் இருக்கு. கார் ட்ரையம்ஃப் டிஆர்6. இங்கிலாந்துல கோவென்ட்ரியில 1968-லேர்ந்து 1976 வரைக்கும் செஞ்சது, ரெண்டரை லிட்டர், ஆறு சிலிண்டர். நடுவுல நாலு சின்ன மீட்டர் தெரியுதுல்ல? அதுல பெட்ரோல், டெம்பரேச்சர் இந்த ரெண்டு மட்டும்தான் இன்னைக்குப் பேச்சு. ஆயில் பிரஷர் நேரா ஆயில் குழாய்ல ஓடுறது, அதுக்கும் இந்த வயரிங்குக்கும் சம்பந்தமில்ல.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். முள் தப்பா காட்டுச்சுன்னா உடனே மீட்டரை மாத்தாதீங்க. ரெண்டு முள்ளையும் சேர்த்துப் பாருங்க. ரெண்டும் சேர்ந்து தப்பா காட்டுனா, கோளாறு ரெண்டுக்கும் பொதுவான இடத்துல. ஒண்ணு மட்டும் தப்புன்னா, அந்த ஒரு வயர்ல, இல்ல அதோட கடைசியில இருக்கிற சென்டர்ல (sender, அதாவது டேங்க்லயும் இன்ஜின்லயும் அளவை அளந்து மீட்டருக்கு அனுப்புற பாகம்). இதைப் பார்க்காமலே டெம்பரேச்சர் ஏறுதுன்னு தெர்மோஸ்டாட், ரேடியேட்டர்னு காசை இறைக்கிறாங்க. மனசு கஷ்டமா இருக்கு.

பொதுவான இடம் எது? வோல்டேஜ் ஸ்டெபிலைசர். டாஷ்போர்டுக்குப் பின்னால இருக்கிற இந்தச் சின்ன தகர டப்பி. கிட்ட காட்டுறேன் பாருங்க, ஒரு முனையில பி, இன்னொண்ணுல ஐ-னு எழுத்து. பி-க்குப் பச்சை வயர், இக்னிஷன் போட்டா பேட்டரி கரண்ட் வரும். ஐ-லேர்ந்து வெளிர் பச்சை வயர் ரெண்டு மீட்டருக்கும் போகும். உள்ள ஒரு ரெட்டை உலோகத் தகடு, அதைச் சுத்தி சூடாகுற கம்பி. தகடு சூடாகி வளைஞ்சா கான்டாக்ட் விடும், ஆறினா ஒட்டும். இப்படி விட்டு விட்டுக் கொடுக்கறதுல சராசரி 10 வோல்ட். மீட்டரும் சூட்டுல நகர்ற வகைதான், அதனாலதான் முள் மெதுவா ஏறுது.

டிஜிட்டல் மல்டிமீட்டரை ஐ-ல வச்சா நம்பர் 0-க்கும் 12-க்கும் குதிக்கும், ஒண்ணும் புரியாது. டாஷ்போர்டு பல்பு, 2.2 வாட், அதுல ரெண்டு வயரை சால்டர் பண்ணி ஐ-க்கும் எர்த்துக்கும் (பேட்டரி நெகட்டிவோட சேர்ந்திருக்கிற கார் பாடி) நடுவுல பிடிங்க. இக்னிஷன் போட்டதும் கொஞ்ச நேரம் விடாம எரியும், அது சரிதான். அப்புறம் மினுக்கணும்... பாருங்க, மினுக்குது.

மினுக்காம எரிஞ்சுக்கிட்டே இருந்தா? முழு 12, 14 வோல்ட்டும் மீட்டருக்குப் போகுது, ரெண்டு முள்ளும் மேல ஏறும். இதுக்குப் பெரும்பாலும் காரணம் எர்த். டப்பியோட உடம்பு எர்த் ஆனாதான் அந்தச் சூட்டுக் கம்பியில கரண்ட் ஓடும். டிஆர்6-ல டாஷ்போர்டு மரப்பலகை, மரம் எர்த் கொடுக்காது. டப்பி உடம்புலேர்ந்து பேட்டரி நெகட்டிவுக்கு ஒரு வயர் தொட்டுப் பாருங்க. மினுக்க ஆரம்பிச்சா, டப்பியோட ஸ்க்ரூவுக்கு அடியில வளையம் வச்சு ஒரு கறுப்பு வயரை பாடிக்கு இழுத்துடுங்க, வேலை முடிஞ்சது. அப்பவும் விடாம எரிஞ்சா கான்டாக்ட் ஒட்டிக்கிச்சு, டப்பியை மாத்தணும்.

ரெண்டு முள்ளும் எழவே இல்லன்னா, பி-ல 12 வோல்ட் வருதா பாருங்க. வரலைன்னா பிரேக் லைட்டு, இண்டிகேட்டர் வேலை செய்யுதான்னு பார்க்கணும், அதுவும் இதே பச்சை வயர் குடும்பம். எல்லாம் சேர்ந்து செத்திருந்தா ஃபியூஸ். கண்ணாடி ஃபியூஸை மாத்தறது மட்டும் போதாது, பிடிக்கிற கிளிப்பை எமரி தாள்ல பளபளன்னு தேய்ங்க.

ஸ்டெபிலைசருக்குப் பதிலா 7810 ஐசி போடலாம், நிலையா 10 வோல்ட் கொடுக்கிற மூணு கால் சிப். எழுத்து நம்மளைப் பார்த்து, கால் கீழ இருக்கணும்: இடது உள்ள வர்றது, நடு எர்த், வலது 10 வோல்ட். உள்ள வர்ற பக்கம் 0.33, வெளியே போற பக்கம் 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், ரெண்டும் எர்த்துக்கு. முதுகுத் தகடும் எர்த்தான், நேரா டப்பியிலேயே முடுக்கலாம். டிஆர்6 நெகட்டிவ் எர்த், அதனால சரி. பழைய பாசிட்டிவ் எர்த் கார்ல இதைப் போடக்கூடாது. அங்க 7910 வேணும், அதோட கால் வரிசையே வேற, முதுகுத் தகட்டுல கரண்ட் இருக்கும், பாடியில பட்டா ஷார்ட்.

இப்ப ஒரு முள் மட்டும் தப்புன்னா. பெட்ரோலுக்குப் பச்சையில கறுப்புக் கோடு, டெம்பரேச்சருக்குப் பச்சையில நீலக் கோடு. பெட்ரோல் சென்டர் காலி டேங்க்ல சுமார் 240 ஓம், நிறைஞ்சா சுமார் 20. அதனால வயர் அறுந்தா முள் காலி காட்டும், பாடியில உரசினா ஃபுல் காட்டும்.

22 ஓம், 1 வாட் ரெசிஸ்டர் ஒண்ணு வாங்கிக்கோங்க. டிக்கியில அட்டையைக் கழட்டி, சென்டர் வயரை உருவி, அந்த வயருக்கும் பாடிக்கும் நடுவுல ரெசிஸ்டரைப் போடுங்க. அரை நிமிஷம் பொறுங்க. முள் ஃபுல்லுக்கு வந்தா மீட்டரும் வயரும் நல்லாருக்கு, குத்தம் சென்டர்ல இல்ல அதோட எர்த்துல. வரலைன்னா அதே ரெசிஸ்டரை மீட்டர் முதுகுல போட்டுப் பாருங்க. அங்க வந்தா நடுவுல வயர்தான், புல்லட் கனெக்டர் (வயரும் வயரும் சொருகிச் சேர்ற உருண்டை முனை) ஒவ்வொண்ணையும் இழுத்துப் பச்சை பூத்திருக்கான்னு பாருங்க. ரெசிஸ்டர் இல்லாம வயரை நேரா பாடியில தொட்டு வச்சிராதீங்க. அதைவிட மோசம் மீட்டருக்கு நேரா 12 வோல்ட் கொடுக்கறது, உள்ள இருக்கிற கம்பி கருகிடும்.

டேங்கை நிரப்பியும் முள் முக்காலுக்கு மேல ஏறலையா? டேங்குக்கும் சேஸிக்கும் நடுவுல ஓம் அளந்து பாருங்க, 1-க்குக் கீழ இருக்கணும். துருவால சேர்ற ஓம் சென்டர் ஓமோட கூடிக்குது, அதான் குறைச்சுக் காட்டுது. டெம்பரேச்சர் பக்கம் இதே கோளாறு ஆபத்து. அந்த சென்டர் மரையிலதான் எர்த் ஆகுது. மரை முழுக்க டெஃப்லான் டேப்பைச் சுத்தி முடுக்கினா எர்த் கெட்டு, இன்ஜின் கொதிக்கும்போதும் முள் நடுவுலயே நிக்கும். ஏற்கனவே சுத்தியிருந்தா, இன்ஜின் ஆறினப்புறம் சென்டரைக் கழட்டி, மரையைப் பித்தளை பிரஷ்ல தேய்ச்சு, டேப் இல்லாம வாஷர் போட்டு முடுக்குங்க. அப்புறம் சென்டர் உடம்புலேர்ந்து பேட்டரி நெகட்டிவ் வரைக்கும் ஒரு தடவை ஓம் அளந்துட்டு வண்டியை எடுங்க.